இப்ரிக்குப் போகும் டீசல்

வெயிலைப் பிடிக்கிற இடத்துக்கு
டீசல் கொண்டுபோகிறேன்.
பதினெட்டாயிரம் லிட்டர். வாரத்தில் மூன்று நடை.
சொன்னால் சிரிப்பீர்கள்.
முதல் மாதம் நானும் சிரித்தேன்.

சோஹாரில் நிரப்பி
மலை ஏறி இறங்கி இப்ரிக்கு
இரண்டே முக்கால் மணி நேரம்.
போனால் மணல்வெளியில்
கம்பம் நடும் எந்திரம் வாய் திறந்து நிற்கும்.
பலகைகளை இறக்கும் கிரேன் நிற்கும்.
எண்ணூறு பேர் தூங்கும் தகரப் பெட்டிகளுக்குப் பின்னால்
ஆறு ஜெனரேட்டர்கள்
இருமிக்கொண்டே நிற்கும்.
குழாயை மாட்டுவேன். மீட்டர் ஓடும்.
டிக்காராம் கையெழுத்துப் போடுவான்,
அவன் சட்டைப் பையில்
பேனா மை கக்கியிருக்கும்.

அந்தப் பலகைகள் வருமுன்பே
வெயிலை நாங்கள் செலவழித்துக்கொண்டுதான் இருந்தோம்,
மீட்டர் இல்லாமல்.
டாஷ்போர்டில் வைத்த பருப்பு டப்பா
பத்தரைக்குள் சுட்டுவிடும்.
பிழிந்து போட்ட சட்டை
ஒரு சிகரெட் அணைவதற்குள் காய்ந்துவிடும்.
ஜூலையில் மாடித் தொட்டி கொதிக்கும்.
ஹீட்டரை அணைத்துவிட்டு
அதற்குள் ஆறிக் கிடக்கும் தண்ணீரில் குளிப்போம்.
சூடு என்று சிவப்புப் புள்ளி வைத்த குழாயில்
குளிர்ந்தது வரும்.
இந்த ஊரைப் புரிந்துகொள்ள
அது ஒன்று போதும்.

கன்ட்ரோல் ரூம் ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி.
மீட்டர் ஓடும் நேரத்தில் ஒருநாள் கேட்டாள்:
"மீரான் அண்ணே, இந்த வெயில் அங்கருந்து கிளம்பி
எட்டு நிமிஷம்தான் ஆச்சு, தெரியுமா?"
"என் டீசல்?"
"அது கிளம்புனப்ப மனுஷனே இல்ல."
"அப்ப இனிமே லேட்டுன்னு
என்னை மட்டும் திட்டாதீங்க."

பிப்ரவரியில் ரிப்பன் வெட்டினார்கள்.
வெள்ளைக் கூடாரம், பேரீச்சை, ஏலக்காய் காவா.
கூடாரத்து ஏசிக்கு ஊற்றியது நான்தான்.
படத்தில் விழாதபடி
வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள்.

பிறகு பதினெட்டு ஒன்பதாயிற்று.
ஒன்பது, இரண்டு.
ஒரு திங்கட்கிழமை போனே வரவில்லை.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
நிறைந்த டாங்கியைவிடக்
காலி டாங்கிக்குப் பயப்படு.
எல்லாம் வடிந்தபின் உள்ளே தங்குகிற ஆவிதான்
பொறிக்குக் காத்திருக்கும்.
அந்த வாரம் முழுக்க
கட்டிலில் மல்லாந்து கிடந்து
அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரலில் மண்காற்று. இரண்டு பகல், இரண்டு இரவு.
மூன்றாம் நாள் ஜெசிந்தா அழைத்தாள்.
பலகையெல்லாம் மாவு பூசிய மாதிரி,
பாதிகூடத் தேறவில்லையாம்.
"தண்ணி லாரி ஓட்டுவீங்களா?"

ஸ்டீயரிங் ஒன்றுதானே.
சம்பளம்தான் ஒன்றில்லை.
தண்ணீர் தீப்பிடிக்காது, ஆகவே
அபாயப் படி நாற்பது ரியால் கழிந்தது.
கடலில் இழுத்து
காஸ் எரித்து
உப்பு நீக்கிய தண்ணீர்.
அதைச் சுமக்கும் லாரி குடிப்பது
என்ன என்று கேட்கவேண்டாம்.
ஊற்ற வருகிறவன் புதுப் பையன், சுவாத்காரன்.
இப்போது கையெழுத்துப் போடுவது நான்.

இன்று கடைசி வரிசை கழுவி முடித்து
கன்ட்ரோல் ரூம் வாசலில் நின்றேன்.
திரையில் எண் இறங்கிக்கொண்டிருந்தது.
முந்நூறு. தொண்ணூறு. பதினொன்று.
மஃரிபு பாங்கு முடிகையில் பூஜ்யம்.

முகாமில் ஒரு விளக்கும் கண் சிமிட்டவில்லை.
எங்கோ ஒரு காஸ் டர்பைன்
சுமையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டது.
யாரும் தலை தூக்கவில்லை.
நான் தூக்கினேன்.
பதினோரு வருஷம்
இருட்டுக்கு ஊற்றிக்கொடுத்தவனுக்கு
அந்த நொடி தெரியும்.

டிக்காராம் சிலிண்டரைத் திறந்து
டீக்கு அடுப்பைப் பற்றவைத்தான்.
நீலமாய் ஒரு வளையம்.
சர்க்கரை எத்தனை என்று கேட்டான்.